சரபோஜி அறையில் இருந்த மின்சாரப் பொறி

தஞ்சை சரபோஜி மன்னரைப் பற்றிப் பேச்சு வந்தால் சரசுவதி மகால், ஓலைச்சுவடி, வைத்தியம் என்பதோடு நம்மவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்தது வேறு. அவருடைய நூலகத்தை ஒட்டிய அறையில் காற்று உறிஞ்சும் பம்பு, தந்தத்தில் செய்த எலும்புக்கூடு, வானியல் கருவிகள் ஆகியவற்றோடு ஒரு மின்சாரப் பொறியும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே போய்ப் பார்த்த ஐரோப்பியர் இதை எழுதி வைத்திருக்கிறார்கள். மலேசியாவின் செமினியில் உட்கார்ந்துகொண்டு இதே மின்பொறிக் கிறுக்கில் பணம் செலவழிக்கும் எனக்கு, அவர்தான் மூத்த கூட்டாளி.

அவர் காலத்துப் பொறி உராய்வில் ஓடியது. கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடி உருளையோ தட்டோ தோல் மெத்தையில் உரசும். பிறக்கும் மின்னூட்டத்தை லெய்டன் ஜாடியில் சேர்த்து வைத்துத் தீப்பொறியாக விடலாம். ஹாலந்தில் ஹார்லம் நகரத்து டெய்லர் அருங்காட்சியகத்துக்கு 1784இல் செய்த பொறியின் கண்ணாடித் தட்டுகள் ஆளுயரம். தீப்பொறி இரண்டடி பாயும். ஐரோப்பிய மருத்துவர்கள் வாதநோய்க்காரருக்கு இதில் அதிர்ச்சி கொடுத்த காலம் அது. வைத்தியத்தில் அத்தனை ஈடுபாடு கொண்ட மன்னர் வெறும் வேடிக்கைக்காக வாங்கியிருக்க மாட்டார் என்பது என் கட்சி. ஆனால் ஐப்பசி மழையில் அது எப்படி அடம்பிடித்திருக்கும்! ஈரக்காற்று பட்டதும் கண்ணாடிமேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியும். மின்னூட்டமெல்லாம் அதன்வழி ஒழுகிவிடும்.

சரபோஜி 1832இல் காலமானார். அதே ஆண்டு லண்டனில் பிறந்தவர் ஜேம்ஸ் விம்ஷர்ஸ்ட். தொழில், கப்பல்களைச் சோதிப்பது. பொழுதுபோக்கு, வீட்டுப் பட்டறையில் பொறி செய்வது. 1880களில் அவர் செய்த பொறியில் உரசலே கிடையாது. எதிரெதிராகச் சுழலும் இரண்டு தட்டுகள், அவற்றில் ஒட்டிய உலோகத் தாள் துண்டுகள், தொட்டும் தொடாமலும் கம்பித் தூரிகைகள். ஒரு தட்டில் எப்படியோ தங்கிவிட்ட துளி மின்னூட்டம் எதிர்த்தட்டில் தூண்டலை உண்டாக்க, அது திரும்ப இதைத் தூண்ட, சுற்றச் சுற்றப் பெருகும். காப்புரிமை வாங்காமல் விட்டார். அதனால்தான் யார் வேண்டுமானாலும் செய்தார்கள். எக்ஸ்ரே வந்த புதிதில் அந்தக் குழாய்களுக்கும் இதை மாட்டினார்கள்.

தட்டுகளை முதலில் கண்ணாடியில் செய்தார்கள், பிறகு எபோனைட்டிலும். இது நம் வீட்டுச் சங்கதி. மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சொட்டும் பால்தான் ரப்பர். அதில் கந்தகத்தை நிறையச் சேர்த்து வெகுநேரம் சுட வைத்தால் கறுத்து இறுகி எபோனைட் ஆகும். இந்தப் பொறிகளுக்கெல்லாம் முன்னோடியாக 17ஆம் நூற்றாண்டில் ஜெர்மானியர் ஓட்டோ ஃபொன் கெரிக்கே உரசிப் பார்த்ததும் கந்தக உருண்டையைத்தான். செமினித் தோட்டங்களில் பால்மரம் சீவிய நம் பாட்டன்மாரிடம், இந்தப் பால் மின்னலும் வரவழைக்கும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

என் விம்ஷர்ஸ்ட் பொறியில் இருப்பது பேர்ஸ்பெக்ஸ் தட்டு. மழை நாளில் ஏர்கோன் போட்டு, முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, அதன் பிறகுதான் கைப்பிடியைத் தொடுவேன். சின்ன ஜாடிக்கு விரல் சுரீர் என்னும், அவ்வளவுதான். பெரிய ஜாடி கட்டி விளையாடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது, அது ஆளையே கொல்லும்.

பழைய பள்ளிக்கூட ஸ்டோரில் கறுப்புத் தட்டு வைத்த பொறி ஏதாவது கிடந்தால், காயட்டும் என்று வெயிலில் வைத்துவிடாதீர்கள். வெளிச்சம் பட்டால் எபோனைட்டில் உள்ள கந்தகம் மேற்பரப்பில் அமிலமாகிவிடும். பழுப்பேறிய அந்தத் தட்டில் மின்னூட்டம் நிற்காது. துணியால் துடைத்து, இருட்டு அலமாரியில் வையுங்கள்.