கொம்பும் கார்னெட்டும்: தொண்டைநாட்டு ஊதுகருவிகள் பற்றிய ஒரு குறிப்பு

'கொம்பு' என்னுஞ் சொல் தமிழில் மூன்று பொருள் பயப்பது. விலங்கின் தலையில் முளைப்பதும் கொம்பு; மரத்தினின்று கிளைப்பதும் கொம்பு; வாய்வைத்து ஊதி ஒலிப்பிக்குங் கருவியும் கொம்பு. 'கோடு' என்னும் பழஞ்சொல்லும் இம்மூன்றையுமே குறித்து நின்றது. இலத்தீன் மொழியிலே 'கார்னு' என்பது விலங்கின் கொம்பையும் படைஞர் ஊதிய கருவியையும் ஒருங்கே உணர்த்தும். அதன் வழிவந்த பிரெஞ்சுச் சொல்லாகிய 'கார்னெ' என்பதற்குச் 'சிறுகொம்பு' என்பதே நேர்பொருள். ஆங்கிலேயர் வாயிலாக நம் நாட்டுக்கு வந்த கார்னெட்டு, பெயரளவில் நமக்கு அயலானதன்று. பெயரளவில் மட்டுமோ, இயல்பிலும் அவ்வாறுதானோ என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்கு எம்மைத் தூண்டியது ஏடன்று; ஒரு பழம்பொருள். செங்கற்பட்டில் ஒரு பழைய பாத்திரக் கடையில், எடைக்கு எடை விலைபேசி உருக்குதற்கென ஒதுக்கியிருந்த பித்தளைக் குவியலினின்று ஒரு கார்னெட்டை யாம் வாங்க நேர்ந்தது. குடத்தின் விலையும் குத்துவிளக்கின் விலையும் அதற்கும் ஒன்றே. அதன் மூன்று பிஸ்டன்களும் களிம்பேறி, மேல்நிலையிலேயே இறுகிக் கிடந்தன. பிஸ்டன் இயங்காத கார்னெட்டு எதற்கும் ஆகாது என்றார் கடைக்காரர். யாம் கருதியது வேறு. பிஸ்டன் இயங்காவிடின் அது பின்னும் பழையதொரு கருவியாகிவிடுகின்றது. அஃதாவது, வெறுங்கொம்பாகி விடுகின்றது.

இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். உதடுகளை இறுக்கி அதிரவிட்டு ஊதும் குழாய் எதுவாயினும், அது நினைத்த சுரமெல்லாம் தாராது. குழாயின் நீளத்திற்கு ஏற்ப அமைந்த சில சுரங்களையே தரும். உதட்டின் இறுக்கத்தைப் படிப்படியாக மிகுத்து ஊதினால், ஆதார சட்சம், பஞ்சமம், மேற்சட்சம், மேலைக் காந்தாரம், மேலைப் பஞ்சமம் என்னும் இவை முறையே பிறக்கின்றன. இவற்றின் இடையிலுள்ள ரிஷபமும் மத்திமமும் அவ்வெல்லையுள் கிட்டா. கொம்பு, எக்காளம், தாரை, திருச்சின்னம் ஆகிய நம் கருவிகள் யாவும் இவ்விதிக்கு உட்பட்டவை. ஐரோப்பிய நாடுகளில் அஞ்சல் வண்டிக்காரர் ஊதிய சுருள்கொம்பும் இத்தகையதே. 1820-களின் இறுதியில் பாரிசு நகரத்துக் கருவியாளர் அச்சுருள்கொம்பில் பிஸ்டன்களைப் பொருத்தினர். நடுப்பிஸ்டனை அமுக்கின் குழாய் சிறிது நீண்டு அரைச்சுரம் தாழும். முதற்பிஸ்டன் முழுச்சுரம் தாழ்த்தும். மூன்றாவது ஒன்றரைச் சுரம் தாழ்த்தும். இவற்றைத் தனித்தும் சேர்த்தும் அமுக்க, ஒரே கருவியுள் ஏழு வேறு நீளமுடைய கொம்புகள் அடங்கிவிடுகின்றன. இதுவே கார்னெட்டு. ஏறத்தாழ நாலரை அடிக் குழாயைக் கையகலத்திற்குச் சுருட்டி, ஏழு கொம்பின் வேலையை அதன்பால் சுமத்தினர் என்க.

எம் கைக்கு வந்த கருவியை முதன்முதல் ஊதியபோது மேற்கூறிய ஐந்து ஒலிகளுள் மூன்று எழுந்தன. அம்மூன்றும் திருவிழாக்களில் யாம் கேட்ட கொம்பின் ஒலிகளே. எனினும் கார்னெட்டின் ஊதுவாய் ஆழமானது. குழாயும் படிப்படியாக அகன்று செல்வது. ஆதலின் அதன் ஒலி டிரம்பெட்டினைப்போல் கூர்மையாகத் தைப்பதன்று. சற்றே உருண்டு வருவது. பழைய கார்னெட்டுக்களைத் தேடித் தொகுப்போர் மேலைநாட்டில் பலர் உளர். அவர்கள் அவற்றைப் பேழையில் வைத்துப் பார்ப்பதோடு அமையாமல், தாமே ஊதியும் பயில்கின்றனர். சென்ற நூற்றாண்டிற்கும் முந்திய நூற்றாண்டில் எழுதப்பட்ட இசை, அந்நாளைய கருவியில் ஊதும்போதுதான் தன் உண்மை உருவத்தைக் காட்டும் என்பது அவர் கொள்கை. அவர்க்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. பிரித்தானியப் பாண்டுகளுக்கெனச் செய்த பழங்கருவிகள் பல, இன்றைய பொதுச்சுருதியினும் உயர்ந்த சுருதியில் அமைந்தவை; ஏனைக் கருவிகளோடு இயையமாட்டா. நம் இசையிலோ பாடுவோர்க்கு ஏற்பச் சுருதி அமைத்துக்கொள்வது மரபாதலின், தனித்து ஊதுமிடத்து இவ்விடர் நமக்கு இல்லை. எமக்கு அது வியப்பாகவே இருந்தது.

இனி, இலக்கியத்திற்கு வருவோம். திருமுருகாற்றுப்படையில் வயிரும் வளையும் உடன் ஒலிக்கின்றன. மலைபடுகடாம் கூத்தரின் கருவிகளைத் தொகுத்துக் கூறுமிடத்து, பீலி அணிந்த கோட்டையும் களிற்றின் உயிர்ப்புப்போல் ஒலிக்கும் தூம்பையும் சுட்டுகின்றது. இவ்விடங்களில் 'ஊதுகொம்பு', 'ஒருவகைத் துளைக்கருவி' என்று பொருளெழுதி நாம் கடந்துவிடுகின்றோம். வகுப்பில் மாணாக்கர் "அஃது எவ்வகை?" என்று வினவுவாராயின், நம்முட் பலர்க்கு விடையில்லை. யாமும் பல்லாண்டு விடையின்றியே பாடஞ்சொன்னோம் என்பதை ஒளிப்பதற்கில்லை.

தொண்டைநாட்டிற்கே சிறப்பாக உரியதொரு சிக்கலை ஈண்டு எடுத்துக்கொள்வோம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்துக் குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார், 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணம் பாடினார். அதனுள், திருநெல்வாயில் அரத்துறையில் ஞானசம்பந்தர்க்கு முத்துச்சிவிகையும் குடையும் சின்னங்களும் இறைவனருளாற் கிடைத்த வரலாறு வருகின்றது. அச்சின்னங்கள் பின்னர் ஊர்தோறும் பிள்ளையாரின் வருகையை அவர்தம் திருப்பெயர்களைச் சொல்லி அறிவிக்கின்றன. அடுத்து, காஞ்சியின் தூப்புலில் 1268-இல் தோன்றிய வேதாந்த தேசிகர், அத்திகிரி வரதர்முன் ஊதப்படும் சின்னத்தையே பொருளாகக்கொண்டு திருச்சின்னமாலை இயற்றினார். அங்கும் சின்னம் வெறுமனே முழங்குவதில்லை, சொல்லுகின்றது. சமயத்தாலும் காலத்தாலும் வேறுபட்ட இருவர், ஒரே நாட்டினர், ஒரே கருவியைப் பேசுங்கருவியாகவே கேட்டனர். சின்னம் 'பணிமாறுதல்' என்னும் வழக்கும் இவ்விடத்தே எண்ணத்தக்கது. ஊதுதல் என்னாது, ஏவற்பணி செய்தல் என்னும் பொருள்படக் கூறுதல் நோக்குக.

இதனைக் கற்பனை என்று ஒதுக்குவார் உளர். முரசும் பறையும்கூடப் புலவர் செவியிற் சொற்களாய்க் கேட்டல் உண்டு என்பது அவர் காட்டும் ஏது. அத்தடை வலியுடையதே, யாம் அதனை எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆயின், சின்னத்தை ஊதுமுறையை உற்று நோக்கின் வேறொரு விளக்கம் புலனாகின்றது. திருச்சின்னம் என்பது மெல்லிய நேரான பித்தளைக் குழல்கள் இரண்டு. ஒருவரே அவ்விரண்டையும் ஒருங்கே வாயில் வைத்து ஊதுவர். இத்தகைய கருவியிற் கிட்டும் சுரங்கள் மிகச் சிலவே. சுரம் சிலவாகவே, ஊதுவோன் திறமெல்லாம் நாவின்பாற்பட்டதாகின்றது. நாநுனி காற்றைத் தடுத்தும் விட்டும், குறிலும் நெடிலும் போன்ற ஒலித்துணுக்குகளைப் பிறப்பிக்கின்றது.

இங்கேதான் கார்னெட்டு எமக்குத் துணைவந்தது. பாரிசு இசைக்கல்லூரியிற் கார்னெட்டுப் பேராசிரியராக 1869 முதல் விளங்கிய ஆர்பன் என்பார், 1864-இல் தாம் வெளியிட்ட பயிற்சிநூலில், விரைந்து ஊதுதற்கு நாவை இயக்கும் முறையை அசைகளாகவே வகுத்துள்ளார். 'து-கு', 'து-து-கு' என்பன அவ்வசைகள். குழாயினுள் உச்சரிக்குமாறு இவற்றை நாவால் அசைத்தால், ஒரே சுரம் எழுத்தெழுத்தாகச் சிதறி ஒலிக்கும். அந்நூல் இன்றளவும் பயிலப்படுகின்றது. இப்பயிற்சியை எம் இறுகிய கார்னெட்டில் யாம் சில திங்கள் செய்துபார்த்தோம். அண்டை வீட்டார் பொறுமை பெரிது. பின்னர், 'து-கு' என்பதன் இடத்தில் பிள்ளையாரின் திருப்பெயர் ஒன்றன் குறில்நெடில் அளவை வைத்து ஒரே சுரத்தில் ஊதினோம். பெயரை முன்னரே அறிந்தோர்க்கு அவ்வொலியிற் பெயர் கேட்டது, அறியாதோர்க்குக் கேட்கவில்லை. சின்னம் சொன்னது என்று சேக்கிழார் கூறியது, அப்பெயர்களை நன்கறிந்த அடியார் கூட்டத்தினிடையே எழுந்த ஒலி பற்றியது என்பதை மறவாதிருத்தல் வேண்டும். முழவின் சொற்கட்டைக் கேட்டுப் பழகியவர்க்குத் தோலொலி சொல்லாவது போன்றது இது. முற்ற நிறுவப்பட்டது என்று கூறோம். ஆயினும் கற்பனை என்று கைவிடுதற்குமுன் ஊதிப் பார்த்தல் கடன் என்பது எம் துணிபு.

மேலைக் கருவிகளையும் நம் கருவிகளையும் ஒருவரே உடன்வைத்து நோக்கியதற்கு முன்னோடியும் உண்டு. ஆங்கிலப் படைத்தலைவருள் ஒருவரான டே என்பார், தென்னிந்திய இசையும் இசைக்கருவிகளும் பற்றிய தம் பெருநூலை 1891-இல் வெளியிட்டார். 1890-இல் இலண்டனில் நடந்த படைத்துறைக் கண்காட்சியில் வைத்திருந்த ஊதுகருவிகளின் விளக்கப் பட்டியலும் அவர் எழுதியதே; அதுவும் 1891-இல் அச்சேறியது. கார்னெட்டையும் கொம்பையும் ஒரே கண்ணால் அளந்தவர் அவர். 1900-இல் தென்னாப்பிரிக்கப் போரில் இளமையிலேயே மாய்ந்தார். பின்னாளில், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் இசைக்கருவிகளுக்குப் பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி விளக்கப் பட்டியல் வகுத்து, அத்துறைக்குப் பேருதவி புரிந்தார்.

முத்துசாமி தீட்சிதர் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தைச் சார்ந்த மணலியில் இளமையில் வாழ்ந்ததும், ஆங்கிலேயரின் பாண்டு இசைமெட்டுக்களைத் தழுவி நோட்டுச்சுரச் சாகித்தியங்கள் இயற்றியதும் யாவரும் அறிந்தவை. அவர் இளமையிற் கேட்ட பாண்டில் கார்னெட்டு இருந்திருத்தல் இயலாது; அக்கருவி அப்போது தோன்றவேயில்லை. பின்வந்த கிளாரினெட்டு நம் இசையரங்கில் ஏறி ஏ. கே. சி. நடராசன் போன்ற வல்லுநரைப் பெற்றது. கார்னெட்டோ கலியாண ஊர்வலத்தோடு நின்றது. பிஸ்டன் சுரத்தைத் துண்டு துண்டாக்கித் தருதலின், கமகத்திற்கு அது எளிதில் இணங்குவதன்று. காரணம் அதுவே எனக் கொள்ளலாம்.

தொகுத்து வைத்தலுக்கும் ஊதுதலுக்கும் உள்ள வேற்றுமையைக் காண விரும்புவோர் இம்மாவட்டத்தின் கடற்கரைக்கே செல்லலாம். மாமல்லபுரத்து வராகக் குகையின் திரிவிக்கிரமர் கையில் சங்கு உள்ளது. அஃது அடையாளமாய் நிற்கும் சங்கு. கடற்கோயிலை அடுத்த கடைகளிற் சங்குகள் விற்கின்றனர். முனை அறுபடாதது அழகுப்பொருள். முனை அறுத்தது ஊதுகருவி. ஒரு விரலகலத் துளையே இரண்டனையும் வேறாக்குகின்றது. அங்கிருந்து மேற்கே திருக்கழுக்குன்றம் சென்றால், 12 ஆண்டுக்கு ஒருமுறை சங்கு பிறக்கும் என மக்கள் போற்றும் சங்குதீர்த்தம் உள்ளது. 2024-இலும் ஒரு சங்கு வெளிவந்தது. கடல்வாழ் உயிர் நன்னீர்க் குளத்தில் தோன்றுமாறு எங்ஙனம் என்பது எம் ஆராய்ச்சிக்கு அப்பாற்பட்டது. அவ்வாறு கிடைத்தவற்றைக் கோயிலார் பேணி வைக்கின்றனர். கார்த்திகைத் திங்களின் இறுதிச் சோமவாரத்தில் 1008 சங்கினால் அங்கே திருமுழுக்கு நிகழ்கின்றது. அவ்விடத்துச் சங்கு நீர் கொள்ளும் கலமாகின்றது. காற்றுக் கொள்ளும் கருவியன்று.

காஞ்சி வரதர் திருவீதியில் இன்றும் சின்னம் ஒலிக்கின்றது. அவ்வூதுவோரின் நாவியக்கத்தை, உரிய இசைவு பெற்று, ஒலிப்பதிவு செய்து, தேசிகரின் பாடலடிகளின் அசைகளோடு ஒப்பிட்டு அளத்தல் முதுகலை மாணாக்கர் ஒருவர் ஓராண்டில் முடிக்கத்தக்க பணியே. மலைபடுகடாத்துத் தூம்பிற்கும் இவ்வாறே நீண்ட தாரையைக்கொண்டு ஒரு சோதனை செய்தல் கூடும். களிற்றின் உயிர்ப்பு என்பது தாழ்ந்த ஒலியோ, கரகரத்த ஒலியோ, இரண்டுமோ என்பது அப்போது விளங்கும். எம் கார்னெட்டின் முதலிரண்டு பிஸ்டன்கள் மண்ணெண்ணெயில் ஊறியபின் இளகிவிட்டன. மூன்றாவது இன்னும் அசையவில்லை.