ஓடு கற்பித்த கலை

மரபு என்பது ஆசிரியர் மாணாக்கர் வழியே இடையறாது வருவது என்பர். அத்தொடர்ச்சி முற்றும் அற்றுப்போன ஓரிடத்தில் ஒரு கலை மீண்டும் தோன்றின், அதனை மறுமலர்ச்சி என்றல் பொருந்துமா? மெக்சிக்கோ நாட்டுச் சிவாவா மாநிலத்தில் உள்ள மாத்தா ஓர்த்தீசு என்னும் சிற்றூரின் மட்கலத் தொழில் இவ்வினாவை எழுப்புகின்றது.

இவ்வூரின் வடபால் பாக்கிமே என்னும் பாழ்நகர் உளது. கி. பி. 13, 14ஆம் நூற்றாண்டுகளில் சிறப்புற்றிருந்த அந்நகரத்தார் வனைந்த வண்ணக் கலங்களின் ஓடுகள் சுற்றுப்புறமெங்கும் சிதறிக் கிடந்தன. மாத்தா ஓர்த்தீசோ இருப்புப்பாதையால் வளர்ந்த பிற்கால ஊர். பாக்கிமே முறையறிந்த குயவர் ஒருவரும் ஆண்டு இலர்.

இளமையில் விறகு தேடிச் சென்ற உவான் கெசாதா (1940–2022) அவ்வோடுகளைக் கண்டு, அவை போல வனைய முயன்றார். கலங்கள் வெடித்தன. ஓட்டின் உடைந்த விளிம்பை உற்று நோக்கியபோது, களிமண்ணொடு மணல் விரவியிருத்தல் புலனாயிற்று. மணல் சேர்த்தபின் வெடிப்பு நின்றது. நுண்கோடு தீட்டத் தலைமயிரால் தூரிகை செய்தார். சாண எருவிட்டுச் சுட்டார். திகிரி இன்றி, அடைபோல் தட்டிய மண்ணை அடியாக்கி, தடித்த மண்திரி ஒன்றை அதன்மேல் வளைத்துப் பொருத்தி, விரலாலே மெலிவித்து உயர்த்தினார். உரையில்லா ஏட்டிற்கு ஏட்டைக் கொண்டே பொருள் காண்பதை ஒத்தது இம்முயற்சி. அதன் அருமை நம் துறையினர்க்குச் சொல்லாமலே விளங்கும்.

1976இல் அமெரிக்க மானிடவியலார் இசுபென்சர் மெக்காலம், நியூமெக்சிக்கோக் கடையொன்றில் மூன்று கலங்களைக் கண்டு, வனைந்தவரைத் தேடி இவ்வூரை அடைந்தார். அவர் அளித்த பொருளுதவியால் கெசாதா கவலையின்றி வனைந்தார், உடன்பிறந்தார்க்கும் கற்பித்தார். அவர்வழி ஊரார் பலர் கற்றனர். 1999இல் மெக்சிக்கோவின் தேசிய விருது அவரை அடைந்தது.

தொடக்கத்தில் வணிகர் சிலர் இக்கலங்களைப் பழமைப்படுத்தித் தொல்பொருள் என விற்றனர். செயல் இழிந்ததேயாயினும், கைத்திறனுக்கு அதனினும் பெரிய சான்று வேண்டுவதின்று! எனினும் ஒப்புமை ஒன்றே கொண்டு இதனை மறுமலர்ச்சி என்றல் ஏலாது. வனைவோர் நாளடைவில் பழங்கோலங்களினின்று விலகித் தத்தமக்குரிய கோலங்களை வகுத்தனர். பாக்கிமே முதனூலாயின் இஃது அதன் வழிநூல் என்பதே என் கருத்து. பாக்கிமேக் கலங்களை வனைந்தார் பெயர் நமக்குக் கிடைத்திலது. மாத்தா ஓர்த்தீசுக் கலத்தின் அடியிலோ வனைந்தவர் கையொப்பம் உளது.