மருத்துநீரும் சவர்க்காரமும்

சித்திரை வருடப்பிறப்பன்று ஈழத்துச் சைவ மக்கள் மருத்துநீர் வைத்துத் தலைமுழுகுதல் தொன்றுதொட்டு வரும் வழக்கமாகும். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், மிளகு, சுக்கு முதலியவற்றோடு பாலும் கோசலமும் கோமயமும் சேர்த்துக் காய்ச்சிய இந்நீரைக் கோயிற் குருக்களிடம் பெற்று, பஞ்சாங்கம் விதித்தபடி தலைக்கு ஓரிலையும் காலுக்கு ஓரிலையும் வைத்து நீராடுவர். பன்விலத் தோட்டங்களிலிருந்து மலையிறங்கிக் கண்டி நகரை அடைந்தால், அங்கே தலதா மாளிகையிற் புதன்கிழமைதோறும் 'நானுமுற மங்கல்ய' என்னும் திருமஞ்சனச் சடங்கு நிகழக் காணலாம். நறுமலரும் மூலிகையும் இட்ட நீரே அதற்கும் உரியது. அந்நீர் நோய் தீர்க்கும் என்று நம்பி அடியார்கள் பெற்றுச் செல்வர். சமயமும் மொழியும் வேறாயினும் செடிகொடிகளின் சாற்றை நீரிற் கலந்து தூய்மை தேடும் எண்ணம் ஒன்றே.

இவ்வழக்குகளைச் சான்றாகக் காட்டி, "கிருமிகளை எம்முன்னோர் அன்றே அறிந்திருந்தனர்" என்று மேடைகளிற் சிலர் முழங்குகின்றனர். பாடசாலைக் கண்காட்சிகளில் மாணவர் செய்து வைக்கும் மூலிகைத் திரவச் சவர்க்காரத்தின் பக்கத்திலும் இக்கூற்றே எழுதப்பட்டிருக்கும். பெருமைக்கு ஏற்ற கூற்றுத்தான், வரலாற்றுக்கு ஏற்றதன்று. பழைய வைத்திய நூல்களிற் கிருமி என்பது பெரும்பாலும் கண்ணாற் காணத்தக்க புழுவையே குறிக்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர் நோய் விளைக்கும் என்னும் கொள்கை 1860 ஆம் ஆண்டுகளில் லூயி பாஸ்டரின் ஆய்வுகளாலேயே வலுப்பெற்றது.

ஆயின் எம்மவர் அறிந்தது யாது? அழுக்கு நீக்கும் பொருள், மருந்துப் பொருள், சடங்குப் பொருள் ஆகிய மூன்றையும் அவர்கள் வேறுவேறாகவே வைத்திருந்தனர். அழுக்குப் போக்கப் பூவந்திக்கொட்டை, சீயக்காய், பயற்றமா, தேசிக்காய் என்பன இருந்தன. புண்ணுக்கும் சொறிக்கும் வேம்பும் மஞ்சளும் இருந்தன. மருத்துநீரோ மங்கலத்துக்குரியது. சிங்களவர் 'பெனெல' என அழைக்கும் பூவந்திக்கு லின்னேயசு 1753 இல் வழங்கிய 'சப்பிண்டசு' என்னும் பேரினப் பெயர், 'இந்தியச் சவர்க்காரம்' என்னும் பொருள்படும் இலத்தீன் சொற்களின் சேர்க்கை. அதன் தோலிலுள்ள சப்பொனின் என்னும் பொருள் ஒருபுறம் நீரையும் மறுபுறம் எண்ணெய்ப் பசையையும் பற்றி நின்று அழுக்கைப் பெயர்த்தெடுக்கின்றது. பட்டும் பொன்னணியும் கழுவுவோர் இன்றும் அதனை விடவில்லை.

உண்மையில் எம்மவரின் பழைய முறைகளுட் கிருமியை வலுவாகக் கொன்றது மூலிகையன்று, வெள்ளாவியே. உவர்மண்ணில் தோய்த்த துணிகளை அடுக்கி நீராவியில் நெடுநேரம் அவித்த சலவைத் தொழிலாளர், வெண்மையை நாடியே அதனைச் செய்தனராயினும், காரமும் வெப்பமும் சேர்ந்து துணியிலிருந்த நோயணுக்களையும் அழித்தன. ஊரின் நோயைத் தம் கையாற் கழுவிய அம்மக்களையே தீட்டுடையோர் எனக் கோயில் வாயிலில் நிறுத்திய சமூகம், தூய்மையைப் பற்றிப் பெருமை பேசுமுன் சற்று நாணுதல் தகும்.

மேனாட்டிற் கிருமிநாசினிச் சவர்க்காரம் தோன்றிய வரலாறு வேறு. கிளாசுகோவில் அறுவை மருத்துவராயிருந்த யோசப் லிஸ்டர், புண்களுக்குக் காபோலிக்கமிலம் இட்டுக் கண்ட பயனை 1867 இல் வெளியிட்டார். நிலக்கரித் தாரிலிருந்து பெறப்பட்ட அவ்வமிலம் 1894 இல் லைஃப்போய் என்னும் பெயருடன் சவர்க்காரக் கட்டியிற் புகுந்தது. அதற்கு மறுமொழி போலக் கல்கத்தா இரசாயனக் கம்பனி 1920 இல் வேப்பெண்ணெய் கொண்ட மார்கோ சவர்க்காரத்தை வெளியிட்டது. சுதேசிய உணர்ச்சி ஓங்கியிருந்த காலம் அது. இலங்கையிலும் 1941 இல் சுவதேசி நிறுவனம் எழுந்தது. வேம்பின் சிங்களப் பெயரான 'கொஹொம்ப' அதன் சவர்க்காரத்தால் வீடுதோறும் அறியப்பட்டது. வேம்பின் கசப்புப் பொருள்களான நிம்பின் முதலியவற்றைச் சலீமுஸ்ஸமான் சித்திக்கி பிரித்தெடுத்தது 1942 இலேதான். வணிகம் முந்திற்று, ஆய்வு பிந்திற்று.

திரவச் சவர்க்காரம் எனத் தனியே உரிமைப்பத்திரம் பெற்றவர் நியூயோர்க்கைச் சேர்ந்த வில்லியம் செப்பேட், 1865 இல். எண்ணெயோடு எரிசோடா சேர்ப்பின் கட்டிச் சவர்க்காரமும், எரிபொற்றாசு சேர்ப்பின் நீரில் எளிதிற் கரையும் மென் சவர்க்காரமும் உண்டாகும். எமது தேங்காயெண்ணெய் இதற்கு மிகவும் ஏற்றது. இதனை இலைச்சாற்றோடு ஒன்றென எண்ணுதல் கூடாது. காரத்தன்மை மிக்க மென் சவர்க்காரம் எளிதிற் பழுதுறாது. பூவந்தியும் வேப்பிலையும் அவித்து வடித்த சாறோ சில நாட்களிற் புளித்துவிடும். கிருமியைக் கொல்லும் என்று போத்தலில் அடைத்த நீரிலேயே கிருமி பெருகும். இங்கேதான் பழைய வழக்கின் நுட்பத்தைக் காண்கிறோம். மருத்துநீரை அந்த வருடப்பிறப்புக்கென்றே காய்ச்சினர். மறுவருடத்துக்கென எவரும் எடுத்து வைத்ததில்லை. தலைமுழுக்குக்கான சீயக்காயும் பயற்றமாவும் உலர்ந்த தூளாகவே இருந்து, வேண்டும்போது மட்டும் நீரைக் கண்டன. கடைத்தட்டில் மாதக்கணக்காக நிற்க வேண்டும் என்னும் தேவை வந்த பின்னரே பழுதுதடுக்கும் இரசாயனமும் உடன் வந்தது. கண்காட்சிக்குச் சாறெடுக்கும் மாணவர் போத்தலின்மீது அதன் பயன்களை எழுதுவதற்கு முன் அது காய்ச்சப்பட்ட தேதியை எழுதுவாராக.

இனி, கிருமிகொல்லும் பொருளைச் சேர்ப்பதனால் விளையும் மிகுபயன் யாது? 2016 ஆம் ஆண்டு செத்தெம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், வீட்டுப் பாவனைச் சவர்க்காரங்களில் திரைகுளோசன் உட்பட 19 பொருள்களைச் சேர்த்து விற்பதற்குத் தடை விதித்தது. சாதாரணச் சவர்க்காரத்தையும் நீரையும்விட அவை மேலானவை என்பதை உற்பத்தியாளர் நிறுவவில்லை என்பதே காரணம். 2020 இல் கொரோனா பரவியபோதும், அவ்வைரசின் கொழுப்புறையைச் சாதாரணச் சவர்க்காரமே சிதைக்கும் என்று மருத்துவர் உரைத்தனர். அவ்வாண்டு எமது பாடசாலை வாயில்களிற் கைகழுவும் குழாய்கள் பொருத்தப்பட்டன. மலையூற்றை நம்பியிருக்கும் தோட்டப் பாடசாலைகளிலோ வரட்சிக் காலத்தில் போத்தலிற் சவர்க்காரம் நிறைந்திருக்கும், குழாயில் நீர் வராது.