பெத் தின்: யூதர்கள் பணப் பிணக்குகளைத் தீர்த்துக்கொள்ளும் முறை

வட லண்டனின் ஸ்டாம்போர்ட் ஹில், கோல்டர்ஸ் கிறீன் பகுதிகளில் வாழும் சமயப் பற்றுள்ள யூதர்கள், கூட்டு வியாபாரத்தில் பிணக்கு வந்தால் உடனே நீதிமன்றப் படியேறுவதில்லை. 'பெத் தின்' எனப்படும் தமது சபையையே முதலில் நாடுகின்றனர். 'நீதியின் வீடு' என்பது அதன் பொருள். யூதர் இருவருக்கு இடையிலான பண வழக்கைப் பிற நீதிமன்றத்துக்குக் கொண்டு செல்வதை அவர்களின் மதச் சட்டம் தடுக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த சுல்ஹான் ஆருக் என்ற சட்டநூலில் கடன், கூட்டு, வாரிசுரிமை போன்றவற்றுக்கென்றே 'ஹோஷென் மிஷ்பாத்' என்ற தனிப்பாகம் உண்டு.

அதற்காக அவர்கள் வாழும் நாட்டின் சட்டத்தை மறுப்பதில்லை. 'அரசின் சட்டமும் சட்டமே' என்று 3ஆம் நூற்றாண்டிலேயே பாபிலோனில் வாழ்ந்த ஷ்முவேல் என்ற அறிஞர் வகுத்துவிட்டார். நாடிழந்து அந்நிய அரசுகளின் கீழ் வாழ்ந்த ஒரு சமூகம் நிலைத்ததற்கு இந்த ஒரு விதி எவ்வளவு உதவியிருக்கும் என்பதை நாம் எளிதில் ஊகிக்கலாம்.

முறைப்பாடு கிடைத்ததும் சபை எதிராளிக்கு அழைப்பாணை அனுப்பும். சபை பிடிக்காவிட்டால், ஆளுக்கொரு நீதிபதியைத் தெரிவுசெய்ய, அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்யும் பழைய வழியும் உண்டு. வழக்கமாக மூன்று அழைப்புகளையும் புறக்கணிப்பவர்மீது 'சேருவ்' என்ற கண்டன அறிவிப்பு வரும். நெருங்கி வாழும் சமூகத்தில் அது சிறிய விடயமல்ல. தொழுகைக்கூடத்தில் மரியாதை மறுக்கப்படலாம், வியாபாரமும் கெடலாம். அதன்பின் முறைப்பாட்டாளர் அரச நீதிமன்றம் செல்லச் சபையே அனுமதிக்கும்.

விசாரணைக்கு முன் இருதரப்பும் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுகின்றனர். எல்லாம் தங்கியிருப்பது இந்தக் கடதாசியில்தான். இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின்படி, நீதிமன்ற அனுமதி பெற்று, சபையின் தீர்ப்பை நீதிமன்றத் தீர்ப்புப் போலவே நடைமுறைப்படுத்தலாம். இச்சட்டம் யூதருக்கென்று தனியாக எழுதப்பட்டதல்ல. எழுத்தில் உடன்படும் எவரும் தாம் நம்பும் ஒருவரை நடுவராக வைத்துக்கொள்ளலாம். சீட்டுப் பிணக்கில் கொப்பியும் வாய்ச்சொல்லுமே சாட்சியாக நிற்கும் எம்மவர் இதைக் கவனிக்க வேண்டும்.

தீர்ப்பு கறாரான சட்டப்படியா, அல்லது 'பெஷாரா' என்ற சமரசமாகவும் அமையலாமா என்பதும் அந்த ஒப்பந்தத்தில் குறிக்கப்படும். சமரசத்துக்கு இடம் வைப்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. ஒருவர் 5,000 பவுண் கேட்கிறார். மற்றவர் 3,000தான் தரவேண்டும் என்கிறார், சாட்சி இல்லை. பழைய சட்டப்படி, கடனில் ஒரு பகுதியை ஒப்புக்கொண்டவர் மீதி 2,000 இல்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் உண்மைக்குக்கூடச் சத்தியம் செய்ய அஞ்சுவது அவர்களின் மரபு. ஆகவே நீதிபதிகள் சத்தியத்தை விலக்கி, அதற்கு ஈடாக ஒரு தொகையைத் தீர்மானிப்பர்.

வட்டியிலும் இப்படியொரு நுணுக்கம். யூதர் யூதரிடம் வட்டி வாங்கக் கூடாது. அதனால் 'ஹெதெர் இஸ்கா' என்ற பத்திரம் எழுதி, கடனை முதலீடாகவும் வட்டியை இலாபப் பங்காகவும் மாற்றிக்கொள்கின்றனர். கண்துடைப்பு என்று சொல்வோரும் உண்டு. ஆனால் இது இல்லாமல் வியாபாரமே நடந்திருக்காது என்றே எமக்குத் தோன்றுகிறது.

சபையின் அதிகாரத்துக்கு எல்லையும் உண்டு. ஈரானின் சட்டத்தை மீறிக் கடத்தப்பட்ட கம்பளங்களின் பணத்தில் ஒரு தந்தைக்கும் மகனுக்கும் பிணக்கு வந்தபோது, சபை மகனுக்குச் சார்பாகத் தீர்த்தது. சட்டவிரோத வியாபாரத்துக்குத் துணைபோக முடியாதெனக் கூறி, இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் 1998இல் அத்தீர்ப்பை நடைமுறைப்படுத்த மறுத்தது. சமூக அழுத்தத்தால் பலவீனமானவர்கள் கையொப்பமிடக்கூடும் என்ற அச்சமும் நியாயமானதே. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2006இல் குடும்பப் பிணக்குகளில் மதச் சட்டப்படியான நடுவர் தீர்ப்புகளுக்குச் சட்டவலு இல்லை என்று ஆக்கியது. வியாபாரப் பிணக்குகளுக்கு அந்தத் தடை இல்லை.