லாயத்தில் கரியபோளம், தொழுவத்தில் கற்றாழை

சோற்றுக்கற்றாழை மடலை வெட்டினால் தோலை ஒட்டிய குழாய்களிலிருந்து கசப்பான மஞ்சள் பால் வடியும். அதற்கும் உள்ளே இருப்பதுதான் வழவழப்பான சோறு. கால்நடை மருத்துவத்தில் இச்செடியின் பழைய வரலாறு பெரும்பாலும் அந்தப் பாலின் வரலாறே ஆகும். கற்றாழை இனங்களின் பாலைக் காய்ச்சி இறுக்கிய கருங்கட்டி, தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் கரியபோளம் அல்லது மூசாம்பரம் எனப்படுவது, கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழி நூலான ‘பெரிப்ளஸ்’ குறிப்பிடும் தென் அரேபிய ஏற்றுமதிச் சரக்குகளுள் ஒன்று; பிற்காலத்தில் பார்படோஸ் தீவும் தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியும் அதை ஐரோப்பாவுக்கு அனுப்பின.

அங்கே அதைப் பெருமளவில் விழுங்கியவற்றுள் குதிரையும் அடங்கும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கரியபோளப் பொடியைப் பிசைந்து உருட்டி, குதிரையின் அடிநாக்கில் கையால் வைத்து விழுங்கச் செய்வது லாயங்களின் வாடிக்கையாக இருந்தது. நோயுற்ற குதிரைக்கு மட்டுமன்றி, பந்தயப் பயிற்சிக்கு முன் உடலைச் ‘சுத்தம்’ செய்வதாகக் கருதி நலமான குதிரைக்கும் அது கொடுக்கப்பட்டது. இதை மருத்துவம் என்பதைவிட லாய வழக்கம் என்பதே பொருந்தும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது என்பதாலும், இம்மருந்து பெருங்குடலை அடைந்த பின்னரே வேலை செய்யும் என்பதாலும், பலன் தெரியவில்லையே என்று அவசரப்பட்டு இரண்டாம் உருண்டை கொடுத்தால் அடங்காத பேதியில் குதிரை இறக்கவும் கூடும். ஆகவே முதல் நாளே தவிட்டுக் கூழ் கொடுப்பது, கடும் வேலையை நிறுத்துவது, வெதுவெதுப்பான நீர் காட்டுவது ஆகிய விதிகள் உருவாயின. கரியபோளத்தில் உள்ள அலோயின் என்னும் பேதிப்பொருள் 1851இல் எடின்பரோவில் பிரித்தெடுக்கப்பட்டது. 20ஆம் நூற்றாண்டில் செயற்கை மருந்துகள் வந்தபின் உருண்டை மறைந்தது.

தமிழ்நாட்டுத் தொழுவங்களில் இன்று பரவலாக அறியப்படும் கற்றாழைப் பயன்பாடு மேற்பூச்சு ஆகும். மடிநோய் கண்ட பசுவின் மடியைக் கழுவி, பாலை முழுவதும் கறந்துவிட்டு, 250 கிராம் கற்றாழையுடன் 50 கிராம் மஞ்சள் தூளும் சிறிதளவு சுண்ணாம்பும் சேர்த்தரைத்த சிவந்த விழுதை நாள்தோறும் பலமுறை தடவும் இம்முறையைத் தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியமும் பரிந்துரைக்கிறது. ஆயினும் மடி கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் கண்டாலோ மருத்துவரை அழைப்பதைத் தள்ளிப்போடலாகாது.

நாய்க்கும் பூனைக்கும் கற்றாழைப் பால் நஞ்சு; வாந்தியும் பேதியும் சோர்வும் உண்டாகும். அவற்றின் தோலில் பூசுவதானால் மஞ்சள் பாலை வடியவிட்டு, தோல் சீவி, கழுவிய சோற்றை மட்டுமே பூசி, அது காயும்வரை நக்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது.