துப்பாக்கி லைசென்ஸும் ஆட்சியாளரின் அச்சமும்

துப்பாக்கி லைசென்ஸ் வேண்டுவோர் மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்கிறார்கள். சென்னையில் காவல் ஆணையரிடம் கொடுக்கிறார்கள். போலீஸ் விசாரித்து அறிக்கை தரும். அதன் பிறகே வாங்கலாமா கூடாதா என்று முடிவாகும். துப்பாக்கி செய்து விற்கவும் இதேபோல் தனி உரிமம் தேவை. பொதுமக்களின் உயிரைக் காக்கத்தான் இந்த ஏற்பாடு வந்தது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் பழைய ஆவணங்களைப் பார்த்தால், குடிமக்களிடமிருந்து ஆட்சியைக் காக்கவே அது முதலில் வந்தது என்பது விளங்கும். அந்தப் பிறப்பின் தழும்பு இன்னும் முழுதாக மறையவில்லை என்பதே என் எண்ணம்.

தமிழ்நாட்டில் இதன் வேர் பாளையக்காரர் போரில் இருக்கிறது. 1799 அக்டோபரில் கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டார்கள். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிவிப்பு வெளியிட்டார். சரணடைவோருக்கு மன்னிப்பு உண்டு. ஆயுதப் பயன்பாடு கூடாது என்பது அதன் சாரம். அதுவரை தென்சீமையில் ஈட்டியும் வளரியும் திரித்துப்பாக்கியும் போர்வீரனிடம் மட்டும் இருந்தவை அல்ல. ஊர்க்காவலே அவற்றை நம்பித்தான் நடந்தது. காவல் உரிமையும் ஆயுதமும் ஒன்றாகவே இருந்தன. ஒன்று போனபோது மற்றதும் போயிற்று. போர் முடிந்த நிலத்தில் வென்றவன் ஆயுதத்தைப் பறிப்பது இயல்புதானே என்று கேட்கலாம். இயல்புதான். ஆனால் போர்க்கால நடவடிக்கை அமைதிக் காலத்திலும் தொடர்ந்து, நாடு முழுமைக்கும் நிரந்தரச் சட்டமாகவே ஆனது.

அந்தச் சட்டம் வைஸ்ராய் லிட்டன் காலத்தில், 1878-இல் வந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே ஆண்டில்தான் வந்தது. ஒன்று சொல்லைக் கண்டு அஞ்சியது, மற்றது கருவியைக் கண்டு அஞ்சியது. பத்திரிகைச் சட்டத்தை அடுத்து வந்த ரிப்பன் நீக்கிவிட்டார். ஆயுதச் சட்டம் எண்பது ஆண்டு நீடித்தது. அதன் நோக்கத்தை விலக்குப் பட்டியலே காட்டிக்கொடுக்கிறது. ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் லைசென்ஸ் தேவையில்லை, இந்தியருக்குத் தேவை. தோட்டா யார் கையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான்; உயிர்ப் பாதுகாப்பு நோக்கமாக இருந்தால் தோல் நிறம் பார்த்திருக்க வேண்டியதில்லை. குடகு மக்களுக்குத் தனி விலக்கு இருந்தது. ஆங்கிலேயர் கண்ணில் அவர்கள் விசுவாசிகள். ஆக, லைசென்ஸ் அலுவலகத்தில் எடைபோடப்பட்டது விசுவாசம். (குடகின் அந்த விலக்கை ஒன்றிய அரசு 2019-இல் மேலும் பத்தாண்டுக்கு நீட்டித்தது.)

பயிரை அழிக்கும் விலங்கை விரட்ட உழவருக்கு லைசென்ஸ் கொடுக்க அந்தச் சட்டத்தின் விதிகளிலேயே இடமிருந்தது, அதை ஏன் சொல்லவில்லை என்று சிலர் கேட்பார்கள். இடமிருந்தது உண்மை. ஆனால் அது அதிகாரியின் தயவாக இருந்தது, உழவரின் உரிமையாக இல்லை. இந்த வேறுபாட்டை அன்றைய மக்கள் நன்றாக உணர்ந்திருந்தார்கள். 1887 டிசம்பரில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு, இந்தச் சட்டம் மக்கள்மீது சுமத்தும் களங்கத்தைச் சுட்டிக்காட்டி அதைத் திருத்தக் கோரியது. காங்கிரஸின் 1931 கராச்சித் தீர்மானம் ஒழுங்குமுறைக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமைகளில் சேர்த்தது. அப்படியானால் விடுதலைக்குப் பின் கட்டுப்பாட்டையே எடுத்திருக்க வேண்டாமா? வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். 1948-இல் எச். வி. காமத் அரசியல் நிர்ணய சபையில் இந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தபோது அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் முடிவு சரியானது. சாதிக் கலவரமும் குடும்பப் பகையும் உள்ள ஊர்களில் துப்பாக்கி தாராளமாகக் கிடைத்தால் முதலில் சாகிறவர் எளியவர்தான்.

பழைய சட்டத்தின் குற்றம் கட்டுப்படுத்தியதில் இல்லை, ஆளைப் பார்த்துக் கட்டுப்படுத்தியதில் இருக்கிறது. 1962 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இதைப் புரிந்துகொண்டே எழுதப்பட்டது. அதன் 13-ஆம் பிரிவைக் கவனித்துப் படிக்க வேண்டும். வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கியை உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக ஒருவர் கேட்டால், சட்டத்தில் சொன்ன தடை ஏதும் இல்லாதபோது லைசென்ஸ் கொடுத்தாக வேண்டும் என்கிறது அது. குறைந்தது 20 அங்குல நீளக் குழலுள்ள, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவருக்கும் அதே விதிதான். 14-ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது: போதிய சொத்து இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் யாருக்கும் மறுக்கக் கூடாது. சட்டத்தின் எழுத்தில் இருக்கும் இந்த நேர்மை நடைமுறைக்கும் வர வேண்டும். 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது; அதில் எனக்கு மறுப்பில்லை. எண்ணிக்கையை இன்னும் குறைக்கட்டும், விசாரணையை இன்னும் கடுமையாக்கட்டும். ஆனால் மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுதிவைத்தாக வேண்டும் என்பதும் அதே 14-ஆம் பிரிவில் உள்ள விதி. பொதுநலன் கருதி வெளியிட முடியாத நிலை தவிர, கேட்டால் அதைச் சுருக்கமாகத் தரவும் வேண்டும், மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு. மனு தள்ளுபடியானவர்கள் அந்தக் காரணத்தைத் தயங்காமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.