குர்துபா: கல்லும் ஏடும்

ஸ்பெயின் நாட்டின் தென்பகுதியில், அரபியர் 'அல்வாதி அல்கபீர்' எனப் பெயரிட்ட பேராற்றின் கரையில் அமைந்துள்ளது குர்துபா மாநகர். அப்பெயரே இன்று 'குவாதல்கிவிர்' எனத் திரிந்து வழங்குகிறது. குழுவாக இந்நகருக்குச் செல்வோருக்குப் பெரும்பாலும் அரைநாளே கிடைக்கும். வழிகாட்டி முன்னே நடக்க, ரோமானியர் காலத்துப் பாலத்தையும், அதன் எதிரே ஓங்கி நிற்கும் பெரும் பள்ளிவாசலையும், யூதர்கள் வாழ்ந்த குறுகிய தெருக்களையும் கண்டுவிட்டுப் பேருந்தேறுவர். அந்தச் சில மணி நேரத்தில் கண்ணுக்குப் புலனாவது கல். கல்லோடு நின்றுவிட்டால் குர்துபாவின் வரலாற்றில் பாதியே நம் கைக்கு எட்டும்.

அக்கல்லின் சிறப்பைக் குறைத்துரைப்பதற்கில்லை. அப்பாஸியரின் வாளுக்குத் தப்பி வந்த உமையா இளவரசர் முதலாம் அப்துர் ரஹ்மான் 785இல் (ஹிஜ்ரி 169) இறையில்லத்தின் கட்டுமானத்தைத் தொடங்கினார். பழைய கட்டடங்களிலிருந்து கிடைத்த தூண்கள் குட்டையாக இருந்தமையால், வளைவின்மேல் வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினர். செந்நிறமும் வெண்ணிறமும் மாறி மாறி வரும் அவ்விரட்டை வளைவுகளே இன்று உலகம் வியக்கும் காட்சி. இரண்டாம் அல்ஹகம் காலத்து மிஹ்ராபில் மின்னும் பொன்வண்ணப் பதிகல் வேலைக்குக் கைவினைஞரை அனுப்பியவர் பைசாந்தியப் பேரரசர். இன்றும் 850க்கு மேற்பட்ட தூண்கள் நிற்கின்றன.

1236இல் காஸ்தில் மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ நகரைக் கைப்பற்றினார், பள்ளிவாசல் தேவாலயமாயிற்று. 1523இல் தொழுகைக் கூடத்தின் நடுவே பேராலயம் எழுப்பத் தொடங்கினர். பாங்கொலித்த மினாரா இன்று மணிக்கூண்டினுள் மறைந்திருக்கிறது. அங்கே தொழுவதற்கு முஸ்லிம்களுக்கு அனுமதியில்லை. இதைக் கேட்கும் நம்மவர் பெருமூச்செறிவது இயல்பே.

ஆயினும், 1236க்கு வெகுகாலம் முன்னரே குர்துபா இழந்தவை உண்டு. அவற்றை அழித்தவர் அயலார் அல்லர் என்பதே நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி.

961 முதல் 976 வரை ஆண்ட கலீபா இரண்டாம் அல்ஹகம் நூல்களின் காதலர். அவரது நூலகத்தில் நான்கு இலட்சம் நூல்கள் இருந்தன என்றும், பட்டியல் மட்டுமே 44 ஏடுகளாக இருந்தது என்றும் கூறுவர். எண்ணிக்கை மிகையாயினும், அக்கால ஐரோப்பாவில் அதற்கு நிகரான நூலகம் இருந்திருக்குமா என்பது ஐயமே. அவர் மறைந்ததும், சிறுவரான கலீபாவின் பெயரால் அதிகாரம் செலுத்திய அமைச்சர் இப்னு அபீ ஆமிர், மார்க்க அறிஞரின் ஆதரவை நாடி, முன்னோர் தத்துவ நூல்களையும் வானியல் நூல்களையும் பிரித்தெடுக்கச் செய்தார். சில எரிக்கப்பட்டன, சில அரண்மனைக் கிணறுகளில் வீசப்பட்டன என்று காஜி ஸாஇத் அல்அந்தலுஸி எழுதுகிறார். பின்னர் மூண்ட உள்நாட்டுப் போரில் எஞ்சிய ஏடுகளும் விலைபோயின, சூறையாடப்பட்டன. நகருக்கு மேற்கே எழிலுற நின்ற மதீனத்துஸ் ஸஹ்ராவும் அப்போரிலேயே பாழாயிற்று. 1031இல் கிலாபத்தே முடிந்தது.

இதே நகரில் 1126இல் (ஹிஜ்ரி 520) பிறந்தவர் இப்னு ருஷ்து. பாட்டனார் குர்துபாவின் தலைமைக் காஜி. பேரரும் அப்பதவியில் அமர்ந்தார். மருத்துவர், தத்துவர், மார்க்கச் சட்ட மேதை. 1195இல் அவரும் பழி சுமத்தப்பட்டு அண்மையிலுள்ள லுஸேனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். தத்துவ நூல்கள் தீக்கிரையாயின. இறுதியில் மன்னிப்புப் பெற்று 1198இல் மராக்கிஷில் மறைந்தார். அரிஸ்டாட்டிலுக்கு அவர் எழுதிய உரைகளுள் சிலவற்றின் அரபு மூலம் இன்றில்லை; ஹீப்ரு, லத்தீன் மொழிபெயர்ப்புகளே அவற்றைக் காத்துத் தந்தன.

ஆனால் அவருடைய 'பிதாயத்துல் முஜ்தஹித்' நிலைத்தது. மதரஸாக்களில் இன்றும் ஓதப்படுகிறது. இமாம்கள் எதில் வேறுபட்டனர் என்பதோடு, ஏன் வேறுபட்டனர் என்பதையும் அந்நூல் விளக்குகிறது. ஒளுவில் தலையை மஸ்ஹு செய்வதை எடுத்துக்கொள்வோம். முழுத் தலையையும் என்பார் இமாம் மாலிக் (ரஹ்). ஒரு பகுதி போதும் என்பார் இமாம் ஷாபிஈ (ரஹ்). திருவசனத்திலுள்ள 'பா' என்னும் ஓரெழுத்தை அரபு மொழியில் இருவகையாகப் பொருள்கொள்ள இடமிருப்பதே இதற்குக் காரணம் என்று காட்டுகிறார் இப்னு ருஷ்து. தாம் மாலிகி மத்ஹபைச் சார்ந்தவராயினும் பிறர் வாதத்தை அவரவர் நியாயத்தோடு எடுத்துரைக்கிறார். இதைக் கற்றவர், கருத்து வேறுபட்டவரின் ஏட்டை எரிக்க முனையார்.

மராக்கிஷில் அடக்கப்பட்ட அவருடைய உடல் சில மாதங்களில் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. சுமைவிலங்கின் ஒருபுறம் ஜனாஸாப் பேழையும், எடை சமனாக மறுபுறம் அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டதை இப்னு அரபி (ரஹ்) நேரில் கண்டு பதிவு செய்துள்ளார்.

நகரின் மேற்கு மதிலோரம், கையில் நூலுடன் அமர்ந்த நிலையில் இப்னு ருஷ்தின் சிலை உள்ளது; 1967இல் நிறுவப்பட்டது. குர்துபா செல்லும் வாய்ப்புப் பெறுவோர் வழிகாட்டியிடம் கேட்டுச் சற்று நேரம் அங்கும் நிற்கட்டும். செல்ல இயலாதோர், தூண்களின் எண்ணிக்கையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது அந்த 'பா' எழுத்தின் கதையையும் சேர்த்துச் சொல்லட்டும்.